கும்மிடிப்பூண்டியில் ஏறினால் கோவாவில் இறங்கலாம்

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதுகூட அந்தப் பட்டையை நான் கழற்றவில்லை. கோவாவில் பதிவு மேசையில் என் வலது மணிக்கட்டில் சுற்றி ஒட்டிவிட்ட பந்தயப் பட்டை அது. நல்லெண்ணெய் பட்டு ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. "ஏங்க, அதைக் கத்திரிச்சுப் போட்டா என்ன? ஆஸ்பத்திரியிலேருந்து சொல்லாமக் கொள்ளாம ஓடியாந்த ஆள் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். நான்கு நாளைக்கு முன்னால், 2024 அக்டோபர் 27 ஞாயிற்றுக்கிழமை, அரபிக்கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதிலிருந்து இறங்கி 21.1 கிலோமீட்டர் ஓடி முடித்தவன் நான். வயது 41. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் ஷிஃப்ட் இன்சார்ஜ். நாலாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததைத் தவிர விளையாட்டில் எனக்கு வேறு வரலாறு கிடையாது. அப்படிப்பட்டவன் கையில் இருக்கிற பட்டையைக் கழற்றச் சொன்னால் எப்படி?

அன்றிலிருந்து கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன். சிப்காட் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் நான் வருவதைப் பார்த்ததும் பால் வாங்கக் கிளம்பிவிடுகிறார். ஆகவே, ஓடிப்போக வழியில்லாத உங்களிடம் முழுவதையும் கொட்டிவிடுகிறேன்.

இந்தப் பந்தயம் எங்கே ஆரம்பித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரு பரிசளிப்பு விருந்து. நீந்துகிறவனுக்கு உடம்பு உறுதியா, சைக்கிள்காரனுக்கா, ஓடுகிறவனுக்கா என்று வழக்கு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் அதற்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். தீவில் ஏற்கெனவே மூன்று பந்தயங்கள் தனித்தனியே நடக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைப்போம், முதலில் முடிப்பவனை இரும்பு மனிதன் என்று கூப்பிடுவோம் என்றார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோய், கூட வந்தவர்கள் பீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நம்மூர்த் திருவிழாக் கதை மாதிரி இல்லையா? 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம், 17 மணி நேரக் கெடு என்பதுதான் முழு அயர்ன்மேன். கோவாவில் நடப்பது அதில் சரிபாதி. கெடு எட்டரை மணி நேரம். 2019-இல் மிராமர் கடற்கரையில் முதன்முதலாக நடத்தினார்கள்.

ஆஸ்திரேலியாவில் கடற்கரைக் காவலர்களுக்கென்று வேறொரு அயர்ன்மேன் இருக்கிறது. நீச்சல், பலகை மேல் மண்டியிட்டுக் கையால் துழாவுவது, நீளப் படகைத் துடுப்புப் போட்டு அலைக்கு மேலே ஏற்றுவது, மணலில் ஓட்டம், எல்லாம் ஒன்றாக. 1984-இல் தொடங்கிய கூலங்கட்டா கோல்டு பந்தயத்தின் படத்தைப் பழவேற்காட்டு அண்ணன் ஒருவரிடம் செல்போனில் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுக்கு மெடல் வேற குடுக்கறாங்களா?" என்றார். அவருடைய அப்பா கட்டுமரத்தில் தினமும் செய்த வேலை அது.

கடல் நீச்சல் நமக்கு ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954-இலேயே பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதைப் போகவர நீந்தினார். 51 மணி நேரம் தண்ணீரிலேயே! 1994-இல் நம்ம குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் பாக்கு நீரிணையைக் கடந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பேப்பரில் வந்த படத்தை வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டிவைத்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் சும்மா இருந்தேன் என்பது வேறு விஷயம்.

2024 ஜனவரி 1. காலை 9.10-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. கிளம்புகிறது என்று பிள்ளைகளைப் பழவேற்காட்டுக் கரைக்குக் கூட்டிப்போயிருந்தேன். ராக்கெட் நாள் என்பதால் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. சின்னவன் தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போக, அதைத் துரத்தி மணலில் ஓடினேன். இருநூறு மீட்டர்கூட இருக்காது. மூச்சு முட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து வடக்கே ராக்கெட் எழும்பியது. ஊரே அண்ணாந்து பார்க்க, நான் மட்டும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து நைட் ஷிஃப்டில் மில் நின்றிருந்த நேரம், செல்போனில் 1982 ஹவாய் பந்தயத்தின் ஒரு காட்சி வந்தது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற பெண் கடைசியில் கால் துவண்டு விழுகிறாள், எழுகிறாள், மறுபடி விழுகிறாள். இன்னொருத்தி தாண்டிப் போய் ஜெயித்துவிடுகிறாள். ஜூலி தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொடுகிறாள். 29 விநாடி வித்தியாசம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே பிகார்க்காரத் தம்பி, "க்யா ஹுவா சாப்?" என்று நிற்கிறான். தூசு விழுந்துவிட்டது என்றேன். கோவாப் பந்தயத்தில் இறங்குவது என்று முடிவுகட்டியது அப்போதுதான்.

இங்கேதான் என் ஊர்ப் பெருமையைப் பேசியாக வேண்டும். கும்மிடிப்பூண்டி என்றால் புகையும் டிரெய்லர் லாரியும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழக்கே கடல், அதற்கு இந்தப் பக்கம் ஏரி, மேற்கே ஊத்துக்கோட்டை வரைக்கும் ஏற்றமே இல்லாத வயல்வெளிச் சாலை, நடுவே ஃபர்னஸ் சூடு என்று இவ்வளவும் ஒரு சைக்கிள் தூரத்தில் கிடைக்கிற இடம் எத்தனை இருக்கிறது? இந்த விளையாட்டுக்கென்று யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி!

நீச்சலை நான் கற்றது திருவள்ளூர் பக்கம் எங்கள் கிராமத்துக் கிணற்றில். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி மாமா பிடித்துத் தள்ளியதில் வந்த நீச்சல். தலையைத் தூக்கிக்கொண்டு தபதபவென்று அடிப்போமே, அந்த நீச்சல். ஜனவரி முழுக்க லீவு நாட்களில் அதே கிணற்றுக்குப் போனேன். தண்ணீருக்குள் மூச்சை விட வேண்டும், தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி இழுக்க வேண்டும். இந்த ஒன்றைக் கற்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கிணற்றில் எப்படித் தூரம் நீந்துவது? இடுப்பில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, மறுமுனையைப் படிக்கல்லில் கட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே நீந்தினேன். டியூப் பின்னுக்கு இழுக்கும், நான் முன்னுக்கு இழுப்பேன். நாற்பது நிமிஷம் நீந்தி ஒரு அடி நகராத மனுஷனைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா மட்டும், "டேய், கழுத வயசாச்சு, கட்டிப்போட்ட எருமை மாதிரி என்னடா இது?" என்றாள்.

மாசி பிறந்ததும் பழவேற்காட்டுக்குப் போனேன். முன்பே சொன்னேனே, அந்த அண்ணனைக் கூட்டாளி ஒருவர் மூலம் பிடித்தேன். அறுபதை நெருங்கும் வயது. தோள் இரண்டும் படகுக் கட்டை மாதிரி இருக்கும். முதல் நாள் தண்ணீரில் இறங்கப் பார்த்தவனைக் கையைப் பிடித்து நிறுத்தினார். மணலில் கிடந்த தேங்காய் மட்டையை எடுத்து, அலை உடையும் இடத்துக்கு அப்பால் வீசினார். இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். பீடி ஒன்று தீர்ந்தது. மட்டை மெதுவாக வடக்கே நகர்ந்திருந்தது. "பாத்தியா? தண்ணி வடக்க இட்டுகினு போவுது. நீ தெக்கால இறங்கு. வரும்போது இங்க வந்து சேருவ. இத்த பாக்காம இறங்கறவன் எங்க போயி சேருவான்னு எனக்கே தெரியாது." முகத்துவாரம் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று இன்னொரு உத்தரவு. 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் செத்த தண்ணீர் இது. அவர் சொல்லும்போது குரலில் விளையாட்டு இல்லை. அவரும் அவர் தம்பியும் ஃபைபர் படகில் கூடவே வராமல் ஒரு நாளும் நான் இறங்கியதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகப் போய்க் குதித்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

முதல் தடவை பத்தே நிமிஷம். காலுக்குக் கீழே தரை இல்லை என்று தெரிந்த கணம், நெஞ்சுக்குள் யாரோ மத்தளம் வாசித்தார்கள். படகைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அண்ணன் மேலேயிருந்து குனிந்து பார்த்தார். "இன்னா தம்பி, அலையோட சண்ட போடற? அது உன்ன அடிக்க வரல, கரைக்குப் போவுது. தோள குடு, மேல ஏறி அந்தாண்ட பூடும்." அந்த ஒரு வார்த்தைக்கு நான் கோயில் கட்டுவேன். தோளைக் கொடுத்தேன். அலை என்னைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. அடுத்ததும் அப்படியே. ஐயோ, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! மூச்சுக்குத் திரும்பும்போதெல்லாம் சூரியன் கடலிலிருந்து நேராகக் கண்ணில் அடிக்கும். மறுபக்கம் திரும்பினால் கலங்கரை விளக்கம். ஏழெட்டுக் கை போட்டதும் முதலை மாதிரிக் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி அதைக் குறி பார்த்துக்கொள்வேன். ஆறு மணிக்கு நைட் ஷிஃப்ட் முடித்து, கரியும் எண்ணெய்ப் பிசுக்குமாக வந்து, அந்தத் தண்ணீரில் விழுந்து எழுந்தால், எட்டு மணி நேரத் தூக்கம் தூங்கிய மாதிரி இருக்கும். ஏப்ரல் முடியும்போது இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் நீந்தினேன். அண்ணன் படகில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு யார் தர முடியும்?

சைக்கிள் கதை வேறு. பழைய கியர் சைக்கிள் ஒன்றை, கொடுத்தவருக்கும் வாங்கிய எனக்கும் வருத்தம் இல்லாத விலையில் வாங்கினேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை, தச்சூர், ஜனப்பஞ்சத்திரம். அங்கே மேற்கே திரும்பிப் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. தேர்வாய்கண்டிகை வழியாகத் திரும்ப ஊருக்கு. குறைகிற தூரத்தைச் சிப்காட்டுக்குள்ளேயே சுற்றி 90 ஆக்கிக்கொள்வேன். எங்கள் ஊர்ச் சாலையில் பஞ்சராவதற்கு ஆணி தேவையில்லை. ஸ்கிராப் லாரியிலிருந்து உதிர்கிற மயிரிழைக் கம்பி போதும். டயருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டால் கண்ணுக்கே தெரியாது; பஞ்சுத் துணியை டயரின் உள்பக்கம் சுற்றித் தடவினால் எங்கே சிக்குகிறதோ அங்கே இருக்கும். ஒரே வாரத்தில் நான்கு பஞ்சர். அந்தக் கம்பி எங்கள் ஃபர்னஸுக்கே வருகிற சரக்காகவும் இருக்கலாம் என்பதால் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

வெயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். வெளிநாட்டில் சூட்டுக்கு உடம்பைப் பழக்க, வீரர்கள் நீராவி அறையில் உட்காருகிறார்களாம். பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து சூட்டில் வேலை செய்தால் உடம்பு சீக்கிரமே வியர்க்கக் கற்றுக்கொள்ளும், வியர்வையோடு போகிற உப்பையும் குறைத்துக்கொள்ளும். எனக்கு எதற்கு நீராவி அறை? 1,600 டிகிரியில் இரும்பு கொதிக்கிற ஃபர்னஸ் மேடை பக்கத்துக் கொட்டகையில் இருக்கிறது. கத்தரி வெயிலில் அங்கே ஒரு ரவுண்டு போய்வந்து, உப்புப் போட்ட மோரை ஒரு சொம்பு குடித்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிடுவேன். சம்பளத்தோடு சூட்டுப் பயிற்சி!

ஆனால் மார்ச்சில் ஒரு அடி வாங்கினேன். புதுப் பைத்தியம் அல்லவா, தினமும் உயிரைக் கொடுத்து ஓடினேன். நேற்றைவிட இன்று வேகம், இன்றைவிட நாளை வேகம். மூன்றாவது வாரம் கெண்டைக்கால் பிடித்து, மாடிப்படியைப் பிட்டத்தால் தேய்த்து இறங்கும் நிலைமை. வேலைக்கு நொண்டிக்கொண்டே போய், கம்பியை ஆறவைக்கிற கூலிங் பெட் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற காட்சியை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

மில்லில் கம்பியை உருட்டி இழுக்கிற கடைசி ஸ்டாண்டை விட்டு வரும் கம்பி ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில், ஆரஞ்சு நிறத்தில் சீறிக்கொண்டு வரும். வந்த வேகத்தில் தண்ணீர்ப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே பாயும். அந்தக் கண் இமைக்கும் நேரத்தில் மேல்தோல் மட்டும் வெடுக்கென்று குளிர்ந்து இறுகிவிடும். உள்ளே இன்னும் நெருப்புதான். அப்படியே விட்டால் தோல் விறைத்துப்போய் உடையும் குணத்தோடு இருக்கும். ஆனால் கூலிங் பெட்டில் கிடத்தியதும், நடுவில் மிச்சமிருக்கிற சூடு நிதானமாக வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். கம்பியை வெட்டி, வெட்டுமுகத்தை மெருகேற்றி அமிலம் தடவிப் பாருங்கள். சுற்றிலும் கறுத்த வளையம், நடுவே வெளிறிய வட்டம். வளையம் உறுதி, வட்டம் இளக்கம். அந்த இளக்கம் இருப்பதால்தான் பூகம்பத்தில் கட்டடம் ஆடும்போது கம்பி வளைகிறது, ஒடிவதில்லை. நெஞ்சு வரைக்கும் விறைப்பாக இருப்பது வார்ப்பிரும்பு. சம்மட்டியால் ஒரு போடு போட்டால் இரண்டாகும். நான் மூன்று வாரமாக வார்ப்பிரும்பாகிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பெட்டி மட்டும் போதும், கூலிங் பெட் வேண்டாம் என்று ஓடியிருக்கிறேன்!

இந்த விளையாட்டு தெரிந்தவர்கள் சொல்வதும் இதுதான். பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நாள் மட்டும் உயிரைக் கொடு. எது மெதுவென்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. ஓடிக்கொண்டே திணறாமல் பேச முடிய வேண்டும். தனியாக ஓடுகிறவன் என்னத்தைப் பேசுவது? எங்கள் ரயில் பாதையின் ஸ்டேஷன்களைச் சொல்ல ஆரம்பித்தேன். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர். எண்ணூர் வருவதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். சைடிங் ஓரமாக ஸ்டேஷன் பெயர்களைக் கத்திக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து, ஆள் ரயில்வே பரீட்சையில் ஃபெயிலாகிக் கலங்கிப்போனவன் என்று ஒரு செக்யூரிட்டி முடிவுகட்டியிருந்தார்.

ஆடி மாதம் வந்தது பாருங்கள், அதுதான் உச்சம். ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தை சைக்கிளில் கடப்பதென்றால், பவானி அம்மனே மனது வைக்க வேண்டும். வேன், டிராக்டர், வேப்பிலை கட்டிய கூட்டம். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். வழிநெடுகக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டும் இறுக்கிய டிரவுசருமாக நின்ற என்னை ஒரு ஆயா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தா நைனா, குடி. துணி எடுக்கக்கூட காசு இல்லபோல" என்று சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழை நீட்டினாள், மேலே சின்ன வெங்காயத்தோடு. மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், உப்புச்சத்து போக வேண்டும் என்று பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறார்களே, அத்தனையும் அந்தச் சொம்பில் இருந்தது. அன்று திரும்பி வந்த வேகத்தை அதற்குப் பிறகு நான் எட்டவே இல்லை.

அக்டோபர் 27. விடிவதற்கு முன்னால் மிராமர் மணலில் நிற்கிறேன். கணுக்காலில் நேரம் பிடிக்கும் சிப். சுற்றிலும் தொடை நரம்பு தெரிகிற ராணுவக்காரர்கள், லட்ச ரூபாய் சைக்கிளோடு வந்த பெங்களூரு இளைஞர்கள், எழுபதைத் தொட்ட ஒரு தாத்தா. என் வாய் உலர்ந்துவிட்டது. கடலைப் பார்த்தேன். எங்கள் கடல் மாதிரி இல்லை. சூரியன் முதுகுப் பக்கமாக, நிலத்திலிருந்து வருகிறது. தேங்காய் மட்டை வீச முடியாதே, என்ன செய்வது? வழி காட்ட நிறுத்தியிருந்த மிதவைகளைக் கவனித்தேன். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தன. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கூட்டம் நேராகப் பாய, நான் பத்தடி எதிர்ப்பக்கமாக ஒதுங்கி இறங்கினேன்.

முந்நூறு மீட்டரில் ஒரு குதிகால் வந்து என் கண்ணாடியை அடித்து, வலது கண்ணில் உப்புத் தண்ணீர் நிரம்பியது. நெஞ்சில் மறுபடி மத்தளம். மல்லாந்து மிதந்து, கண்ணாடியைச் சரிசெய்து, வாய்விட்டே சொன்னேன்: தோள குடு. அலை தூக்கி இறக்கியது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தக் கடல் என் கடல்! 52 நிமிஷத்தில் கரையேறினேன். கெடுவுக்கு இன்னும் 18 நிமிஷம் பாக்கி.

சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒளிந்து போகக்கூடாது. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம். டிரெய்லர் லாரிக்குப் பின்னால் ஒதுங்கிப் பழகிய எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் சாலையில் கம்பித் துண்டு இல்லை, ஹாரன் இல்லை, குறுக்கே மாடு இல்லை. போலீஸ்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தி எனக்கு வழிவிடுகிறார்கள். எனக்கு! ஏற்றங்களில் இளைஞர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். மூன்றாவது சுற்றில் அவர்களில் சிலரை நான் தாண்டினேன். 3 மணி 38 நிமிஷம்.

ஓட்டம் தொடங்கும்போது உச்சி வெயில். வழியில் ஐஸ் கொடுக்கிறார்கள், ஸ்பாஞ்சில் தண்ணீர் பிழிகிறார்கள், முன்பின் தெரியாத பிள்ளைகள் மார்பில் ஒட்டிய அட்டையைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். டோனா பாவ்லா பக்கத்து ஏற்றத்தில் பலர் நடந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு கணக்குப் போட்டேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் வரை 17 ஸ்டேஷன். கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். ஐந்தில் கும்மிடிப்பூண்டி, ஆறில் கவரைப்பேட்டை, ஏழில் பொன்னேரி. மீஞ்சூரில் ஒரு வாழைப்பழம். எண்ணூரில் தலையில் ஐஸ் தண்ணீர். திருவொற்றியூரில் இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. தண்டையார்பேட்டையில், இனி வாழ்நாளில் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று திருவொற்றியூர் வடிவுடையம்மனிடம் தாமதமாகச் சத்தியம் செய்தேன். இருபதாவது கிலோமீட்டர், பேசின் பிரிட்ஜ். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டேன். எல்லா வண்டியும் நிற்கிற இடம்தானே! நடு ரோட்டில் வலியோடு சிரித்தது நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குனிந்து, காலை உருவிவிட்டு, சிக்னல் விழக் காத்திருந்தேன். விழுந்தது. கிளம்பினேன்.

சிவப்புக் கம்பளத்தில் ஓடிய அந்த இருபது விநாடி எனக்கு நினைவில் இல்லை. மனைவி எடுத்த வீடியோவில், ஷிஃப்டுக்கு லேட்டாகி கேட்டுக்குள் ஓடுகிறவன் மாதிரிதான் ஓடுகிறேன். 7 மணி 33 நிமிஷம். கழுத்தில் மெடல் விழுந்ததும் மணலில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை தூசு விழுந்ததாகச் சொல்லவில்லை.

தீபாவளி முடிந்து முதல் ஷிஃப்ட். மெடலைக் கொண்டுபோயிருந்தேன். எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள். பிகார்க்காரத் தம்பி ஸ்கிராப் யார்டிலிருந்து சோதனைக் காந்தத்தை எடுத்துவந்து மெடலில் வைத்தான். ஒட்டவில்லை. திருப்பி வைத்தான். வழுக்கி விழுந்தது. இரும்பு மனிதன் மெடலில் இரும்பே கிடையாது! கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் கூலிங் பெட்டில் கம்பிகள் ஆரஞ்சிலிருந்து சாம்பலுக்கு, அவசரமே இல்லாமல், மாறிக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு பழவேற்காடு. வாடைக் காற்று ஏறி, கடல் கலங்கலாக இரைந்துகொண்டிருந்தது. வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அண்ணன் மெடலை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"எத்தினாவது வந்த?"

"எழுநூறோ எண்ணூறோ இருக்கும்ணா."

"உனக்குப் பின்னால ஆளு இருந்தானா?"

"இருந்தாங்க."

"அப்ப சரி." மெடலைத் திருப்பிக் கொடுத்தார். "முழுசுன்னா எம்மாந் தூரம் நீஞ்சணும்?"

"3.8 கிலோமீட்டர்ணா."

கடலை ஒருதரம் பார்த்தார். மட்டை எதையும் வீசவில்லை. "மாசில படியும். வா" என்றார்.